ஷாட்கன்னையும் குறி பார்த்துத்தான் சுட வேண்டும்

அமெரிக்காவின் ஒஹாயோவில் நான் நுழைந்த துப்பாக்கிக் கடைகள் பலவற்றில் ஒரே அறிவுரைதான் கிடைத்தது. பம்ப் ஆக்‌ஷன் ஷாட்கன் ஒன்றைக் கவுண்டரில் வைத்து, “இதில் பின்சைட் மாட்ட வேண்டும்” என்றால், கடைக்காரர் குழலின் நுனியில் இருக்கும் பித்தளை மணியைத் தொட்டுக் காட்டுவார். “இதுவே போதும். ஷாட்கன்னை யாரும் குறி பார்ப்பதில்லை. நீட்டினால் சரி.” அருகில் நிற்பவர்களும் ஆமோதிப்பார்கள். ரவை விரிந்து பரவும், இலக்கு அந்த விரிவுக்குள் எங்காவது அகப்பட்டுவிடும் என்பதுதான் இதற்கு அடிப்படை.

கடைத் தெருவோடு நின்றுவிட்ட நம்பிக்கை அன்று இது. 2013 பிப்ரவரியில், அப்போது துணை அதிபராக இருந்த ஜோ பைடன், வீட்டைக் காத்துக்கொள்ள ஏஆர்-15 ரைஃபிள் வேண்டாம், அதைக் குறி பார்ப்பது சிரமம், ஷாட்கன் வாங்குங்கள் என்று பொதுமக்களுக்கு யோசனை சொன்னார். அரசியலில் அவருக்கு நேர் எதிரே நிற்கும் வேட்டைக்காரர்கள் பலரும் ஷாட்கன்னைப் பற்றி அதையேதான் நினைக்கிறார்கள். சினிமா பார்த்து வளர்ந்த நம் மனத்திலும் அந்தப் படமே இருக்கிறது: இடுப்பிலிருந்து ஒரு வெடி, எதிரே நின்றவர்கள் அத்தனை பேரும் சாய்கிறார்கள்.

இதை நான் முழுதாக மறுக்கிறேன். இந்த நம்பிக்கையால் ஒவ்வொரு டிசம்பரிலும் மான்கள் அரைகுறையாய் அடிபட்டுப் புதருக்குள் போய்ச் சாகின்றன. அப்படி ஒரு மான் என் கையாலும் செத்திருக்கிறது.

முதலில் எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிடுகிறேன். இந்த நம்பிக்கை பிறந்த இடம் பறவை வேட்டை. அங்கே அது சரி. எட்டாம் எண் ஈயரவையில் ஓர் அவுன்ஸுக்குச் சுமார் 410 சிறு உருண்டைகள் இருக்கும். வாயை ஒடுக்கும் ஃபுல் சோக் போட்ட குழலிலிருந்து 40 கஜத்தில் 30 அங்குல வட்டத்துக்குள் அவற்றில் 70 சதவீதம் விழ வேண்டும் என்பது வெகுகால அளவுகோல். பறக்கும் பறவைக்கும், எறியப்படும் களிமண் தட்டுக்கும் அந்த மேகம் போதும். சுடுபவரின் கண் பறவையோடே போக வேண்டும். மணியைப் பார்க்கக் கண்ணை இழுத்தால் துப்பாக்கி நின்றுவிடும், பறவை போய்விடும். ஸ்கீட் ஆடுகிறவரின் துப்பாக்கியில் நான் எந்தச் சைட்டும் மாட்டச் சொல்லமாட்டேன்.

ஆனால் அங்கேயும் பின்சைட் ஒன்று உண்டு. அது சுடுபவரின் கண். கட்டையில் கன்னம் படிகிற இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருந்தால் கண்ணும் ஒரே இடத்தில் நிற்கும். கண்ணும் மணியும் சேர்ந்து ஒரு கோடாகும். அதனால்தான் பறவை வேட்டைக்காரர்கள் கட்டையின் நீளத்தையும் சரிவையும் தங்கள் உடம்புக்கு அளந்து, இழைத்துப் பொருத்திக்கொள்கிறார்கள். சைட்டே வேண்டாம் என்று சொல்பவர் இதைச் சொல்ல மறந்துவிடுகிறார். பின்சைட் இல்லாத துப்பாக்கியில் பின்சைட்டின் வேலை முழுவதையும் கன்னம் செய்ய வேண்டியிருக்கிறது.

அதே துப்பாக்கியில் இப்போது ஸ்லக் போடுங்கள். நம் ஊரில் 12 போர் என்கிறோமே, ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டையாக்கினால் ஓர் உருண்டையின் அளவு எதுவோ அதுதான் அந்தக் குழலின் வாய். சுமார் பதினெட்டரை மில்லிமீட்டர். அதிலிருந்து போகும் ஸ்லக் ஓர் அவுன்ஸ் எடையுள்ள ஒற்றை ஈயக்கட்டி, ஏறத்தாழ 28 கிராம். 1898-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் பிரென்னகே ஒரு வடிவம் கண்டார். 1931-இல் அமெரிக்காவின் கார்ல் ஃபாஸ்டர் இன்னொன்று. எந்த வடிவமானாலும் அது விரியாது, பரவாது. ஒரு துளைதான் போடும். அந்தத் துளை எங்கே விழ வேண்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் சுட வேண்டும்.

ஒஹாயோ மாதிரியான இடங்களில் இது வெறும் வாதமாக நிற்பதில்லை. தட்டையான நிலம், சோளக்காடு, அதன் நடுவே வீடுகள். ரைஃபிள் குண்டு நெடுந்தூரம் போகும் என்பதால் மான் வேட்டைக்குப் பல பத்தாண்டுகளாக இங்கே ஷாட்கன்தான் முதன்மையான துப்பாக்கியாக இருந்தது. 2014-இல்தான் கழுத்து குறுகாத நேர்ச்சுவர்த் தோட்டா போடும் ரைஃபிள்களை அனுமதித்தார்கள். இன்றும் எத்தனையோ பண்ணை வீட்டுக் கதவுகளுக்குப் பின்னால் ஒரு ரெமிங்டன் 870-ஓ மாஸ்பெர்க் 500-ஓ சாத்தியிருக்கிறது. பெரும்பாலும் மணி மட்டும் வைத்தது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். கண்ணிலிருந்து மணி வரை ஏறக்குறைய 90 சென்டிமீட்டர். கன்னம் சரியாக அமராமல் கண் ஐந்து மில்லிமீட்டர் நகர்ந்தால் ஐந்து கஜத் தூரத்தில் இரண்டரை சென்டிமீட்டர் பிசகும். யாருக்கும் தெரியாது. 50 கஜத்தில் அதே பிசகு 25 சென்டிமீட்டர். வெள்ளைவால் மானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடம் ஒரு சாண் அகலம்தான். நடுவில் குறி வைத்தவருக்கு இருக்கும் இடைவெளி ஒவ்வொரு பக்கமும் அரைச் சாண். ஐந்து மில்லிமீட்டர் என்பது குளிருக்குப் போட்ட கம்பளிக் குல்லாயின் ஒரு மடிப்பு.

அந்த மடிப்பு எனக்கு நேர்ந்தது. நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த திங்கட்கிழமை துப்பாக்கிப் பருவம் தொடங்கும். அன்று விடிகாலையில் நல்ல குளிர். தடித்த கோட்டு, முகத்தை மூடிய குல்லாய், மரத்தில் கட்டிய மேடையில் உட்கார்ந்து கழுத்தைத் திருப்பிய நிலை. 60 கஜத்தில் ஒரு பெட்டை மான், தலை என் வலப்பக்கம் பார்த்து நின்றது. மணியைத் தோளுக்குச் சற்றுப் பின்னே வைத்தேன். மணி நடுங்கவில்லை. விசையை இழுத்ததிலும் தவறில்லை. குண்டு இடப்பக்கம் ஒரு சாண் தள்ளி வயிற்றில் பட்டது. குல்லாயின் துணி என் கன்னத்தைக் கட்டையிலிருந்து தள்ளியிருக்கிறது; கண் இடப்பக்கம் விலகினால் குழலும் இடப்பக்கம்தான் பார்க்கும். அந்த நேரத்தில் இது எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியப்படுத்த அந்தத் துப்பாக்கியில் எந்த உறுப்பும் இல்லை.

வயிற்றில் பட்ட மானின் ரத்தம் கருஞ்சிவப்பாக இருக்கும். பசும் தீனி கலந்திருக்கும். அதைக் கண்டதும் பின்தொடரக் கூடாது, மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். துரத்தினால் அது இன்னும் தூரம் ஓடி ஓடி வதைபடும். காத்திருந்தேன். இருட்டுவதற்குள் தடம் தொலைந்தது. மறுநாள் காலை ஓடைக்கரையில் கண்டபோது கயோட்டிகள் எனக்கு முன்பே வந்து போயிருந்தன. அந்த மான் எத்தனை நேரம் உயிரோடு கிடந்தது என்பதை நான் நினைக்காத பருவம் கிடையாது. அன்றைக்கு நான் நம்பிப் போனது கடைக்காரர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

இங்கே ஒரு பதில் வரும். எங்கள் அப்பா, தாத்தா எல்லாரும் மணியோடுதான் மான் சுட்டார்கள் என்பார்கள். உண்மை. எனக்கு வேட்டைக்கு நிலம் தரும் பக்கத்துப் பண்ணைப் பெரியவரும் அப்படித்தான். நாற்பது வருடமாக ஒரே 870. கட்டையின் மெருகு அவர் கன்னம் படும் இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கும். களஞ்சியத்தின் மறைவில் நின்று 30 கஜத்துக்குள் வந்தால் மட்டுமே சுடுவார். அவர் தவறவிட்டு நான் பார்த்ததில்லை.

சில வருடங்களுக்கு முன் அந்தத் துப்பாக்கியைப் பதினைந்து வயதுப் பேரனுக்குக் கொடுத்தார். காகிதம் கட்டி 50 கஜத்தில் இருவரும் சுட்டார்கள். ஒரே துப்பாக்கி, ஒரே பெட்டி ஸ்லக், மணல் மூட்டையின் மேல் அதே சாய்மானம். பெரியவரின் மூன்று குண்டும் நடுவை ஒட்டி. பேரனின் மூன்றும் ஒன்றுக்கொன்று அருகாகத்தான் இருந்தன. ஆனால் மேலே, இடப்பக்கம், ஒரு சாணுக்கு மேல் தள்ளி. பையன் மோசமாகச் சுடவில்லை. மூன்றும் சேர்ந்து விழுந்ததே அதற்குச் சாட்சி. அவன் முகம் தாத்தாவின் முகமாக இல்லை, அவ்வளவுதான். தாத்தாவின் முகம்தான் அந்தத் துப்பாக்கியின் பின்சைட்டாக இருந்தது. அதைக் கையளிக்க முடியாது. கடைக்கு வரும் புதியவரிடம் மணி போதும் என்று சொல்பவர், நாற்பது வருடப் பழக்கத்தையும் பெட்டியில் வைத்துத் தருவதில்லை.

வீட்டுக்குள் பயன்படும் பக்‌ஷாட்டைப் பற்றி இரண்டு வரி. இரட்டைப் பூஜ்யத் தோட்டாவில் வழக்கமாக ஒன்பது உருண்டைகள், ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டருக்கு மேல். கூடத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குள் அவை விரிவது உள்ளங்கை அகலம்தான்; அதைக் குறி பார்க்காமல் எதன் மேலும் வைக்க முடியாது. தவறிய ஒவ்வோர் உருண்டையும் பலகைச் சுவரைத் துளைத்து அடுத்த அறைக்குப் போகும். அங்கே யார் படுத்திருக்கிறார்கள் என்பது அதற்குத் தெரியாது.

அடுத்த ஆட்சேபம் வேகம். சைட் வைத்தால் கண் சைட்டைத் தேடும், நேரம் போய்விடும் என்கிறார்கள். ரைஃபிளில் இருக்கும் மெல்லிய வெட்டுப்பள்ளத்தை மனத்தில் வைத்துச் சொல்வதானால் அதில் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் ஷாட்கன்னுக்கென்று புழங்குவது ‘கோஸ்ட் ரிங்’. மெல்லிய விளிம்புள்ள ஒரு வளையம், நடுவே ஐந்தாறு மில்லிமீட்டர்த் துளை. கண்ணருகே இருப்பதால் வளையம் மங்கித் தெரியும். பெயரே அதனால் வந்தது. அதைக் கண் தேடாது. துளை வழியே பார்த்தால் முன்சைட்டை வட்டத்தின் மையத்தில் நிறுத்துவதைக் கண் தானாகவே செய்துகொள்ளும். என்சிசியில் .22 ரைஃபிளைச் சுட்டவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பேக்‌சைட்டின் துளை நடுவே ஃபோர்சைட் முனை வந்து நிற்க வேண்டும் என்று வாத்தியார் ஒருமுறை சொன்னதும் எல்லாருக்கும் பிடிபட்டது. கோஸ்ட் ரிங்கில் துளை பெரியது, அதனால் இன்னும் விரைவு. 1999-இல் அமெரிக்க மரைன் படை தேர்ந்தெடுத்த பெனெல்லி எம்1014 பம்ப் வகை இல்லை என்றாலும் அதுவும் ஷாட்கன்தான்; அதில் வளையச் சைட்தான் வைத்தார்கள். நெருக்கத்தில் சண்டையிடுவதற்காகத் துப்பாக்கி வாங்கியவர்கள் வேகத்தைப் பற்றி யோசிக்காமல் வாங்கியிருக்க மாட்டார்கள்.

எனக்கு உண்மையிலேயே மதிப்புக்குரியதாகப் படும் ஆட்சேபம் வேறு. “மாட்டிப் பார்த்தேன். பத்து வெடியில் ஆடிப்போனது. எங்கோ போய்ப் பட்டது. கழற்றி எறிந்துவிட்டேன்.” இதைச் சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கழற்றி எறிந்தது சரியாக மாட்டப்படாத சைட்டை. மூன்று கிலோவைச் சற்றே தாண்டும் துப்பாக்கியில் ஓர் அவுன்ஸ் ஸ்லக் சுட்டால் வரும் உதைப்பு .30-06 ரைஃபிளின் உதைப்பைவிட அதிகம். அந்த அடியை ஒவ்வொரு வெடிக்கும் வாங்கப்போவது இரண்டு மூன்று சிறு திருகுகள். அவற்றைச் சமையலறை மேசையில் அவசரமாக முடுக்கிவிட்டுச் சைட்டைக் குறை சொல்லக் கூடாது.

ஆகவே மாட்டும் வேலையைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். தோட்டாக்களைத் துப்பாக்கியின் தோட்டாக் குழாயிலிருந்தும் சேம்பரிலிருந்தும் எடுத்து, வேறு அறையில் வைத்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். குழலுக்குப் பின்னே உள்ள உடற்பகுதியான ரிசீவரின் மேல் ஆலையிலேயே துளையிட்டு மரை வெட்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்பெர்க்கில் பெரும்பாலும் இருக்கும், பழைய 870-களில் பெரும்பாலும் இருக்காது. இல்லாவிட்டால் துளையிடும் வேலையை ஒரு நல்ல கன்ஸ்மித்திடம் விடுங்கள். ஒரு துளை கால் மில்லிமீட்டர் விலகினாலும் ஆயுளுக்கும் கோணல்தான்.

மரையில் ஆலையின் எண்ணெய் இருக்கும். ஆல்கஹாலோ அசிட்டோனோ தோய்த்த பஞ்சுக் குச்சியால் துளையையும் திருகையும் துடைத்துக் காயவிடாமல் லாக்டைட் பசை விட்டால் அது பிடிக்கவே பிடிக்காது. ஆடிப்போன சைட்டுகளில் நான் பார்த்த பாதிக்குக் காரணம் இந்த எண்ணெய்தான். நீல லாக்டைட் ஒரு சொட்டு போதும். சிவப்பு வேண்டாம், பிறகு சூடு காட்டாமல் கழலாது. 870-இன் ரிசீவர் எஃகு. மாஸ்பெர்க் 500-இனுடையது அலுமினியக் கலவை. அதில் கைபலத்தைக் காட்டினால் மரை பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். தயாரிப்பாளர் சொல்லும் அளவுக்கு டார்க் ஸ்க்ரூடிரைவரை வைத்து முடுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

திருகின் நீளத்தையும் பார்க்க வேண்டும். ஒன்று நீளமாக இருந்து ரிசீவருக்குள் எட்டிப்பார்த்தால் போல்ட் அதில் உரசும். விசைப் பகுதியின் பின்களுக்குப் பதில் திருகாணி போட்டு மாட்டும் சேணம் போன்ற தாங்கிகளில் வேறு தொல்லை: இறுக்கினால் ரிசீவரின் இரு சுவர்களும் உள்ளே அழுந்தி முன்பிடி இறுகும். மாட்டி முடித்ததும் வெடிமருந்தில்லாத போலித் தோட்டாக்களைப் போட்டு இருபது முறையாவது பம்ப் செய்து பாருங்கள். முன்பு எப்படி வழுக்கியதோ அப்படியே வழுக்க வேண்டும்.

இரண்டு விஷயங்களை விற்பவர்கள் சொல்வதே இல்லை. ஒன்று, கன்னத்தின் உயரம். கட்டை மணிக்காக இழைக்கப்பட்டது. சைட் அதைவிட உயரே நிற்கும். கன்னத்தைக் கட்டையிலிருந்து தூக்கிப் பார்க்க வேண்டி வந்தால் கட்டையின் மேல் ஒரு கன்னப்பட்டை கட்டுங்கள். உயரமான ரெட் டாட் சைட் மாட்டுபவர்களுக்கு இது கட்டாயம். மற்றொன்று, குழல் கழலும் என்பது. முன்சைட் குழலில், பின்சைட் ரிசீவரில். இரண்டையும் சேர்த்துப் பிடித்திருப்பது தோட்டாக் குழாயின் முனையில் இருக்கும் மூடி. அது தளர்ந்தால் எத்தனை விலையுயர்ந்த சைட்டும் பொய் சொல்லும். துடைப்பதற்காகக் குழலைக் கழற்றி மாட்டியிருந்தால் வேட்டைக்கு முன் மறுபடி இரண்டு மூன்று குண்டு சுட்டுப் பார்க்க வேண்டும். மானுக்கென்றே துப்பாக்கி வைத்திருப்பவருக்கு என் யோசனை, முன், பின் இரண்டு சைட்டும் குழலிலேயே அமைந்த ரைஃபிள் சைட் குழல் ஒன்றை வாங்கிக்கொள்வதுதான். கழற்றி மாட்டினாலும் இரண்டும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும்.

மாட்டிய கடையே லேசர் விட்டுப் பார்த்துக் கொடுத்துவிட்டது என்று நிம்மதியாகப் போகிறவர்கள் உண்டு. லேசர் வெளிச்சத்துக்கு உதைப்பு கிடையாது, எடை கிடையாது, அது எந்தக் கம்பெனி ஸ்லக்கும் கிடையாது. முதல் குண்டு காகிதத்தில் விழ அது உதவும். அதற்குப் பிறகு உள்ளதெல்லாம் காகிதத்தில்தான் தெரியும். அகலமான காகிதம், 25 கஜம், மணல் மூட்டை. மூன்று குண்டு சுட்டு அவற்றின் நடுவைப் பாருங்கள். ஒற்றைக் குண்டை நம்பித் திருகைத் தொடாதீர்கள். பின்சைட்டைக் குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்த வேண்டும், முன்சைட்டானால் எதிர்ப்பக்கம். பிறகு 50 கஜத்துக்குப் போங்கள். இரண்டு சைட்டுக்கும் இடையே 60 சென்டிமீட்டர் என்று வையுங்கள். 50 கஜத்தில் பத்து சென்டிமீட்டர் கீழே பட்டால் பின்சைட்டை 1.3 மில்லிமீட்டர் உயர்த்தினால் சரியாகும். பளிச்சென்று தெரிகிறதே என்று இரண்டு மில்லிமீட்டர் உயரமான ஃபைபர் முன்சைட்டை மட்டும் மாற்றிவிட்டு அப்படியே காட்டுக்குப் போகிறவர், அதே தூரத்தில் 15 சென்டிமீட்டர் கீழே சுடுவார். துப்பாக்கி மேல் பழி விழும்.

தோட்டாவின் கம்பெனியை மாற்றினால் மறுபடி முதலிலிருந்து. ஒரே எடை என்று பெட்டியில் அச்சிட்டிருந்தாலும் ஒன்று இங்கே, ஒன்று கையகலம் தள்ளி என்று விழுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். தோள் வலித்தால் நிறுத்திவிடுங்கள். வலிக்குப் பயந்த தோள், வெடிக்கும் முன்பே துப்பாக்கியைக் கீழே தள்ளும். அந்தத் துளையை வைத்துச் சைட்டைத் திருத்தினால் பயத்தைத்தான் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

செலவைப் பற்றிச் சொல்பவர்களிடம் எனக்குக் கேட்க ஒன்று இருக்கிறது. 2014-க்குப் பிறகு இங்கே பலர் .450 புஷ்மாஸ்டர் போன்ற ரைஃபிளுக்கு மாறினார்கள். அதையும் இதே காட்டில், இதே தூரத்தில்தான் சுடுகிறார்கள். ஒருவராவது அதில் பித்தளை மணி மட்டும் வைத்துக்கொண்டு போனாரா? ஸ்கோப் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து பெட்டி பெட்டியாகச் சுட்டு ஜீரோ செய்கிறார்கள். பிறகு ஷாட்கன்னைவிட இது எத்தனை துல்லியம் என்று வியக்கிறார்கள். அந்த உழைப்பில் பாதியைக்கூட அவர்கள் ஷாட்கன்னுக்குக் கொடுத்ததில்லை. மானுக்கு இரண்டும் ஒன்றுதான்.

பெரியவரின் 870-இல் பேரனுக்காகக் கோஸ்ட் ரிங் மாட்டினோம். துளையிட்டது ஒரு கன்ஸ்மித். மற்றதை நானும் பையனும் ஒரு சனிக்கிழமை பிற்பகலில் செய்தோம். கட்டை அவனுக்கு நீளம் என்பதால் அதையும் குட்டையாக்கினோம். 50 கஜத்தில் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடும் அளவுக்குள் மூன்று துளை விழுந்த பிறகுதான் தாத்தா தலையசைத்தார். கட்டையின் அடியில் ஒரு துண்டு வெள்ளை டேப் ஒட்டி, ஸ்லக்கின் பெயர், தூரம், தேதி மூன்றையும் பையன் எழுதிவைத்தான். ஒவ்வொரு நவம்பரிலும் அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு, டேப்பை உரித்துப் போட்டு, காகிதமும் ஆணியும் எடுத்துக்கொண்டு வயலுக்கு நடக்கிறான்.